மூன்று பெட்டரி டோர்ச்

பேய், பிசாசு, முனி என்று எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை எப்படி வரும்? எங்கள் தோட்டத்தில் அந்த உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததே நான்தான். பகலில் கணக்கப்பிள்ளை, பொழுது சாய்ந்தால் பேய். வெள்ளைத் துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே எழுந்து நின்றால் எப்பேர்ப்பட்ட கங்காணியும் செருப்பை விட்டுவிட்டு ஓடுவான். அந்தச் செருப்பை மறுநாள் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்து, "என்னண்ணே, ராத்திரி ரொம்ப அவசரமோ?" என்று விசாரித்துவிட்டும் வருவேன். ஆகவே நான் இப்போது எழுதப்போவதை நீங்கள் நம்பாமல் போனால் எனக்கு வருத்தமில்லை. என் யோக்கியதை அப்படி. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எங்கள் தோட்டம் அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கமாக இறங்குகிற மலையில் இருக்கிறது. வண்டிப் பாதையாகப் போனால் ஆறு மைல் சுற்று. மலையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதை ஒன்று இறங்கும், அது பாதிக்கும் குறைவு. ஒரு பக்கம் மண் திட்டு, மறு பக்கம் பள்ளம். பாதி வழியில் ஒரு வளைவு வரும். பேய் உத்தியோகத்துக்கு அதைவிடத் தோதான இடம் ஊவா மாகாணத்திலேயே கிடையாது.

அந்த வளைவில்தான் நான் என் சொந்தப் பெண்டாட்டியைப் பயமுறுத்தினேன். செல்லாயி கோயிலுக்குப் போய்விட்டு, இடுப்பில் பிள்ளையோடு, பொழுது மசங்குகிற நேரத்தில் வந்துகொண்டிருந்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு எதிரே எழுந்தேன். அலறிக்கொண்டு பாதையோர வடிகானுக்குள் விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, தாயை அறிந்த பிள்ளை, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. செல்லாயியின் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வீக்கம் வடிந்த அன்றே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பண்டாரவளைப் பக்கம் தாய் வீட்டுக்குப் போனவள்தான், இரண்டு மாதம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் நான் சுட்ட ரொட்டியைப் பற்றி எழுதினால் அதுவே தனி அமானுஷ்ய அனுபவமாகிவிடும். வேண்டாம்.

கடைசியில் என் மச்சான், அவள் தம்பி, தகவல் கொண்டுவந்தான். "அக்கா வாறேன்னு சொல்லுது மாமா. ஆனா ரெண்டு விசயம். அந்த வளைவத் தாண்ட நல்ல வெளிச்சம் வேணுமாம். இனிமே ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வெளையாட்டுக் காட்டினீங்கன்னா, மறுநாள் மொத ரயில்ல ஏறிடுமாம். அப்புறம் பஞ்சாயத்து வச்சாலும் வராதாம்."

"வெளிச்சந்தானே? சூரியனையே புடிச்சுக் கட்டி வச்சிருக்கேன்னு போய்ச் சொல்லு" என்றேன்.

"இதத்தான் மாமா சொல்லுது அக்கா" என்றான் அவன்.

அரிக்கன் லாம்பு எங்களிடம் இருந்தது. ஆனால் அப்புத்தளைக் காற்றுக்கு அது கண்ணாடிக்குள் இருந்துகொண்டே விக்கல் எடுக்கும், நாலாவது விக்கலில் உயிரை விடும். பங்களாத் துரை அப்போது ஒரு பெட்டரி டோர்ச் வைத்திருந்தார். பொத்தானைத் தள்ளினால் வெளிச்சம், இழுத்தால் இருட்டு. எண்ணெய் இல்லை, திரி இல்லை, காற்று வந்து என்ன செய்யும்? நானும் ஒன்று வாங்கிவிடுவதென்று முடிவு செய்தேன். ஒரு டோர்ச்சைக் கையால் தொட்டும் பார்த்திராத ஆள் எடுத்த முடிவு அது.

பதுளைக்கு அப்போது ரயில் கிடையாது. தோட்டத்து லொறி சாமான் எடுக்கப் போனபோது தொற்றிக்கொண்டேன். பதுளைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் டோர்ச் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வயதான மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பார்.

"நானா, டோர்ச் ஒண்ணு வேணும். நல்லாப் பவரா இருக்கணும், வெல மலிவாவும் இருக்கணும்."

"அதுக்கென்ன, குதிரை ஒண்டு தாறேன். நல்லா ஓடும், புல்லுத் தின்னாது" என்றார்.

மூன்று டோர்ச்சை எடுத்து வைத்தார். ஒன்று துரையிடம் இருந்ததைப் போலப் பளபளவென்று வெள்ளி முலாம் பூசியது. விலையைக் கேட்டுவிட்டு அதைப் பூப்போலத் திரும்ப வைத்துவிட்டேன். இரண்டாவது குட்டையானது, இரண்டு பெட்டரி, முகத்தில் பால் கண்ணாடி. பார்க்க மருந்துச் சிமிழ் போல இருந்தது. மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நீளமான தகரக் குழல், மூன்று பெட்டரி, முன்னால் முட்டைக்கண் மாதிரிப் பிதுங்கிய கண்ணாடி. கையில் பிடித்தால் உலக்கை. விலை மட்டும் அந்தக் குட்டையனுக்குச் சமம். எந்த ஊர்ச் சாமானோ, பெயர்கூட எழுதியிருக்கவில்லை.

பகல் வெளிச்சத்தில் டோர்ச்சை எப்படிச் சோதிப்பது? நான் ஒரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே எரித்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் கண் தெரியவில்லை. நானா தலையில் அடித்துக்கொண்டு என்னைப் பின்பக்கத்துக் கிடங்குக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். குட்டையன் அறை முழுக்க மங்கலாகப் பரவினான். சிமெந்து மூட்டை, ஆணிப் பெட்டி, நானாவின் தாடி எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தன, எனக்கு அதில் ருசி இல்லை. நெட்டையன் அப்படியா? கடைசிச் சுவரில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்தான். அங்கே இருந்த பல்லியின் கண் மினுங்கியது!

"இதுதான் நானா!"

"எங்க பாவிக்கப் போறீங்க?"

"அப்புத்தளைப் பக்கம், குறுக்குப் பாதையில."

"அப்ப இது வேணாம்" என்றார் சட்டென்று. "பனிக்குள்ள இந்தத் தூர வெளிச்சம் சரிவராது. போன வேகத்துல திரும்பி வந்து உங்கட முகத்துலயே அடிக்கும். பால் கண்ணாடிய எடுங்க. இடுப்புக்குக் கீழ புடிச்சா காலடியக் காட்டும். மனுசன் காலாலதான் நடக்கிறான் கணக்கப்பிள்ளை, கண்ணால இல்ல."

"காலடியப் பார்க்கவா நானா நான் டோர்ச் வாங்குறேன்? எங்க வீட்டுக்காரிக்கு மலையையே எடுத்துக் காட்டணும்."

"கிடங்குக்குள்ள பார்த்து டோர்ச் வாங்குறது, பல்லப் பார்த்து மட்டும் மாடு வாங்குற மாதிரி" என்றார். நான் நெட்டையனை வாங்கினேன். லொறியில் திரும்புகிற வழியெல்லாம் பட்டப்பகலில் மலைகளின்மேல் அடித்துக்கொண்டே வந்தேன்.

செல்லாயி வருகிற நாள் வந்தது. நாலு மணிக்கு வரவேண்டிய ரயில், காலையிலிருந்து பெய்த மழையில் பாதையில் மண் விழுந்ததால் ஆறரைக்குத்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் மழை விட்டுவிட்டது, பனி இறங்கிவிட்டது. மலைப் பனியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அது மேலேயிருந்து இறங்குவதில்லை, பள்ளத்திலிருந்து ஏறி வந்து ஆளை விழுங்கும்.

செல்லாயி இறங்கினாள். தலையில் மூட்டை. தூங்கிப்போன பிள்ளையை என் இடது தோளில் சாய்த்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "வெளிச்சம் எங்க?" என்றாள். இரண்டு மாதம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அது.

டோர்ச்சை நீட்டி அமுக்கினேன். பிளாட்பாரத்துக் கூரைக்குக் கீழே பிரமாதமாக எரிந்தது. அவள் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆறு மைல் வண்டிப் பாதையை மறந்துவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கினேன். இவ்வளவு பவர் கையில் இருக்கும்போது எவன் சுற்றிப் போவான்?

நானா சொன்னது கால் மைலுக்குள் புரிந்துவிட்டது. அடித்த வெளிச்சம் பனியில் முட்டி, முகத்துக்கு நேரே வெள்ளைச் சுவராக நின்றது. கை நீட்டினால் கை தெரியும், அதற்கப்பால் சுண்ணாம்பு பூசிய சுவர். பவர் கூடக் கூடச் சுவர் கெட்டியாகிறது! காலடியைப் பார்க்கலாமென்று கீழே பிடித்தால் பெருவிரல் அளவுக்கு ஒரு பொட்டு, அதற்குள் என் பெருவிரல். திரும்பிப் போகலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம்தான். பெண்டாட்டியிடம், 'நான் வாங்கின டோர்ச் உதவாது' என்று யார் சொல்வது?

"ஏதாச்சும் தெரியுதாங்க?" என்றாள் பின்னாலிருந்து.

"பளிச்சின்னு தெரியுது" என்றேன்.

வளைவை நெருங்கிவிட்டோம் என்று கால் சொன்னது. அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. நான் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற அதே இடத்தில் இப்போது மலை முழுவதுமே வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. தவளைச் சத்தம் இல்லை, காற்று இல்லை. நான்தானே இந்த இடத்துப் பேய், எனக்கு எதற்குப் பயம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். முழங்கால் கேட்கவில்லை.

முருகா என்று தொடங்கினேன், அதற்கடுத்த வார்த்தை வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக என் வாய்க்கு மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திவைத்துப் பெயர் எழுதிய இடாப்பைப் பார்த்துக் கூப்பிடுவேனே, அந்தப் பெயர் வரிசை. ஒருவன் பயத்தில் கந்தனைக் கூப்பிடுவான், ஒருவன் காளியைக் கூப்பிடுவான். நான் பெரட்டுக் கூப்பிட்டேன்.

"கறுப்பையா!"

"இருக்கேன்" என்று பதில் வந்தது.

அப்பாடா என்றிருந்தது. ஆட்கள் எதிரே வருகிறார்கள் போல! தைரியமாக அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

"வீராயி!"

"இருக்கேன்."

அதே குரல். கறுப்பையா ஆண், வீராயி பெண், ஆனால் குரல் ஒன்று. ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது, பெண் குரல் என்றும் சொல்ல முடியாது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிற ஓர் ஆள் பேசுவது போல, சாவகாசமாக இருந்தது.

"சின்னச்சாமி" என்றேன். கூப்பிட்டது என் வாய்தான், நான் இல்லை.

"இருக்கேன்."

செல்லாயி நின்றுவிட்டாள். "ஆள் செட்டுப் பண்ணி வச்சிருக்கீங்களா? பச்சப் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு மறுபடியும் அதே எடத்துல அதே வெளையாட்டா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை, அலுத்துப்போயிருந்தது. "நாளைக்கு மொத ரயில். அவ்வளவுதான்."

"ஐயோ, நான் இல்ல. சத்தியமா நான் இல்ல."

"உங்க சத்தியத்த எத்தன வாட்டி பாத்திருக்கேன்."

வாழ்நாள் முழுக்க விளையாடியவன் ஒரு நாள் விளையாடாமல் நின்றால் அதை நிரூபிக்க என்ன சாட்சி இருக்கிறது, சொல்லுங்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. எவனோ என் தொழிலை என்னிடமே காட்டுகிறான், அவன் காதைப் பிடித்து இழுத்து வந்து இவள் முன்னால் நிறுத்தவேண்டும் என்று ஓர் அடி வைத்தேன். அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினேன். ஏனோ ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றியது. காலை ஊன்றாமல் தலையை மட்டும் திருப்பினேன். வெள்ளைச் சுவரையே பார்த்துப் பார்த்துக் கண் குருடாகியிருந்தது. அவள் இருந்த இடத்தில் கறுப்பு மட்டும்தான்.

"ஏய்" என்றேன். பதில் இல்லை. "இந்தா" என்றேன். பதில் இல்லை.

எங்களுக்கு அப்போது கல்யாணமாகி ஆறு வருஷம். அவள் என் பெயரைச் சொல்லமாட்டாள், அது ஊர் வழக்கம். நானும் அவள் பெயரைச் சொன்னதில்லை, அதற்கு வழக்கம் காரணமில்லை, வெட்கம். அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கத்தினேன்.

"செல்லாயி!"

"இருக்கேன்."

அவள் குரல். சந்தேகமே இல்லை, என் செல்லாயியின் குரல். ஆனால் அது பின்னாலிருந்து வரவில்லை. எனக்கு முன்னால், பாதை இருக்கவேண்டிய இடத்தில், என் காலுக்கு மிகக் கீழேயிருந்து, ஆழத்திலிருந்து வந்தது.

தூக்கிய கால் அப்படியே மடங்கி நான் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டதில் டோர்ச் நழுவி விழுந்து உருண்டது. உருண்டது, உருண்டது, பிறகு உருளுகிற சத்தம் நின்றது. வெளிச்சம் மட்டும் கீழே போனது. சுழன்று சுழன்று, சிறுத்து, மின்மினி அளவாகி, எங்கோ அடியில் அணைந்தது. சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது.

என் பாதத்துக்கு முன்னால் ஒரு முழம்தான் மண் இருந்தது. அதற்கப்பால் மழை பாதையையே அறுத்துக்கொண்டு போயிருந்தது.

அப்போது என் கோட்டை யாரோ பின்னால் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். செல்லாயிதான். இழுத்த இழுப்பில் கோட்டுத் தையல் பிரிந்தது. மூவருமாக மண் திட்டில் முதுகை ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தோம். டோர்ச் தொலைந்த பிறகு, நம்பினால் நம்புங்கள், கண் மெல்லத் தெளிந்து பாதையின் ஓரம் சாம்பல் நிறத்தில் தெரிய ஆரம்பித்தது. இருட்டு காட்டியதை என் மூன்று பெட்டரி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. திட்டைத் தடவிக்கொண்டே வந்த வழியில் மேலே ஏறி, ஆறு மைல் வண்டிப் பாதையில் நடந்து வீடு வந்தோம். நடுவில் ஒரே ஒரு தடவை அவள் பேசினாள். "நீங்க செஞ்ச வெளையாட்டு இல்லன்னு நம்புறேன். வெளையாடுற ஆளுக்கு முழங்கால் இப்படித் தாளம் போடாது."

மறுநாள் அவள் ரயிலேறவில்லை.

அன்று காலைப் பெரட்டில் எனக்குப் பெயர் கூப்பிட நாக்கு எழவில்லை. "கறுப்பையா" என்றேன், "இருக்கேங்க" என்றான், நான் இரண்டடி பின்னால் போனேன். ஆட்கள் சிரித்தார்கள்.

"நேத்து பொழுதுசாய எங்கடா இருந்த?"

"லயத்து வீட்டுலதாங்க. ரொட்டி தட்டிக்கிட்டிருந்தேன்."

வீராயிக்குக் காய்ச்சல், கம்பளிக்குள்ளே. சின்னச்சாமி அதற்கும் முந்தின நாளே மொனராகலைக்குத் துக்க வீட்டுக்குப் போயிருந்தான். நாலு பேர் கயிறு கட்டிச் சரிவில் இறங்கிப் பார்த்தார்கள். நசுங்கின டோர்ச் கிடைத்தது. ஈர மண்ணில் அது உருண்ட தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை, ஆள் நிற்க இடமும் இல்லை. எதிரொலி என்றார் துரை. இருக்கலாம். ஆனால் கூப்பிட்டதைத் திருப்பிச் சொல்வதுதானே எதிரொலி? பெரட்டுக்குப் பதில் சொல்கிற எதிரொலியை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

அடுத்த தடவை பதுளைக்குப் போனபோது நானாவிடம் நசுங்கினதைக் காட்டினேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பால் கண்ணாடிக் குட்டையனை எடுத்து வைத்தார். "இடுப்புக்குக் கீழ" என்றார். "இடுப்புக்குக் கீழ நானா" என்றேன். இன்றுவரை எனக்குக் காலடியைக் காட்டுவது அதுதான். முதன்முதலாக டோர்ச் வாங்குகிற எல்லாருக்கும் நான் சொல்வதும் அதுதான். வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்காதீர்கள், நீங்கள் எங்கே நடக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

பேய் உத்தியோகத்தை அன்றோடு ராஜினாமா செய்துவிட்டேன். என்னைவிடத் தொழில் தெரிந்த ஆள் ஒன்று அங்கே இருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியாது, ஆனால் அதற்கு நான் கடமைப்பட்டவன். மூன்று உயிரை ஒரு முழத்தில் நிறுத்தியது. பாதையைத் திருத்திய பிறகு, வளைவைத் தாண்டுகிறபோதெல்லாம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். பார்க்கிறவர்கள் இதையும் ஏதோ விளையாட்டு என்றுதான் நினைக்கிறார்கள்.

இத்தோடு முடித்திருப்பேன். போன மாசி வரைக்கும் கதை எனக்கே இவ்வளவுதான் தெரியும்.

மாசியில் ஒரு சாயங்காலம் செல்லாயி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்த ஒருவருக்கு இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாக வந்தது இவள் குரல் என்று சொன்ன இடத்தில் அவள் கை நின்றது. அந்த ஆள் போன பிறகு, "அது என் கொரல் இல்லீங்க" என்றாள்.

"பின்ன யார் குரல்?"

"உங்க கொரல். நீங்க என் பேரச் சொன்னீங்க. ஒடனே உங்க கொரல்லயே கீழயிருந்து 'இருக்கேன்'னு வந்துச்சு. நீங்க விழுந்துட்டீங்கன்னு நெனச்சேன். ஆனா எனக்கு முன்னால கோட்டுப் போட்டுக்கிட்டு ஒரு ஆள் புள்ளையோட உக்காந்திருந்துச்சு."

"அப்ப நீ புடிச்சு இழுத்தது?"

"யாரா இருந்தாலும் புள்ள அதுகிட்ட இருக்கு, விடக்கூடாதுன்னு புடிச்சேன். ஆறு மைலுக்கும் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? வீட்டுக்கு வந்ததும் லாம்பத் தூக்கி உங்க மூஞ்சிக்கு நேரே புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இத்தனை வருஷமாக அதை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்து என்ன முடிவு பண்ணின?" என்றேன், சிரிப்பது போல.

அவள் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.